கல் முப்பத்து மூன்று அடி, பாலம் இல்லை

மூன்று தட்டு. வெள்ளிக் கரண்டியின் காம்பு கருங்கல்லின் தலையில் பட்டு டங், டங், டங் என்று எழுந்த அந்தச் சத்தம் பதினேழு வருஷமாக என் காதில் இருக்கிறது. நாதஸ்வரம் அடங்கியிருந்தது. மைக்காரர் கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். மஞ்சனோடையில் தண்ணீர் இல்லாத பங்குனி மாதம், கோரைப்புல் காய்ந்து கிடந்த கரையில் இலந்தைமேட்டின் நூற்று முப்பது வீட்டு ஆட்களும் வெயிலில் நின்றிருக்க, எம்.எல்.ஏ. தணிகாசலம் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு கரண்டி சிமெண்டுக் கலவையை அள்ளி வைத்து, கரண்டியைத் திருப்பிக் காம்பால் மூன்று முறை தட்டினார். நிமிர்ந்து, பதினெட்டு மாதம் என்றார். பதினெட்டு மாதத்தில் இந்த ஓடைமேல் உயர்மட்டப் பாலம் நிற்கும், உங்கள் பிள்ளைகள் கால் நனையாமல் போவார்கள் என்றார். நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

இலந்தைமேடு ஓடைக்கு ஒரு பக்கம். மறுபக்கம் நெடுஞ்சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை. சுடுகாடுகூட அந்தப் பக்கம்தான். நடுவில் இருந்தது ஒரு தரைப்பாலம், ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரை தண்ணீருக்கு அடியில் கிடக்கும். எங்கள் பெண்கள் முந்திரி உடைப்பவர்கள். வறுத்த கொட்டையின் ஓட்டில் கசியும் எண்ணெய் விரலின் தோலைத் தின்றுவிடும். பத்து வருஷம் உடைத்தவளின் கட்டைவிரலில் ரேகை இருக்காது. ஊரில் தமிழ் எம்.ஏ. படித்து, டவுன் கிளை நூலகத்தில் வேலை பார்த்தவள் நான் ஒருத்தி என்பதால் மனு எழுதுவது என் பொறுப்பாக இருந்தது. நானும் எழுதினேன், தாழ்மையுடன் சமர்ப்பித்தேன், பாலம், தெருவிளக்கு, கிணறு தூர்வாருதல், பஸ் நிறுத்தம் என்று பதினான்கு கோரிக்கைகளை அழகான நடையில் அடுக்கினேன், அடியில் இருநூற்றுச் சொச்சம் கைநாட்டு வாங்கினேன். கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஒண்ணுலகூட ரேகையே இல்ல. யாரு வேணாலும் மையத் தொட்டு அழுத்தியிருக்கலாமே" என்றான். பதினான்கில் எதைச் செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, ஆகவே ஒன்றையும் செய்யவில்லை. அடுத்த தேர்தலில் தணிகாசலமே மறுபடி ஜெயித்தார், எங்கள் ஓட்டையும் வாங்கித்தான்.

கல் நட்ட ஆறாவது வருஷம் கார்த்திகையில், எங்கள் ஊரில் முந்திரி உடைக்கும் அஞ்சலாட்சியின் மகள் சுகந்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். புருஷன் ஊரில் அவள் குடியிருந்த தெருவின் முனையிலேயே ஆஸ்பத்திரி. ஆனால் தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம், வளைகாப்பு முடிந்த மறுநாள் அஞ்சலாட்சி தானே போய் மகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள், தரைப்பாலத்தில் அப்போதே கணுக்கால் தண்ணீர். பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, வலி எடுத்தபோது இடுப்புக்குமேல் தண்ணீர் ஓடியது. ஆம்புலன்ஸ் வந்தது. வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, எதிர்க்கரையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது, உள்ளே வெள்ளைப் படுக்கை தெரிந்தது, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் சுகந்தியைச் சுமந்துவந்து இரண்டு முறை தண்ணீரில் இறங்கி, இரண்டு முறையும் கால் நிலைக்காமல் திரும்பினார்கள். கரையில் நனையாமல் இருந்தது அடிக்கல்லின் சிமெண்டு மேடை ஒன்றுதான். கட்டிலை அதன்மேல் வைத்தார்கள்.

மூன்று மணி நேரம். வலிக்கும் வலிக்கும் இடையே சுகந்தி தலையைத் திருப்பி, கல்லில் தங்க நிறத்தில் இருந்த எழுத்தைப் படித்தாள். "உயர்மட்டப் பாலம்னு போட்டிருக்கு. எங்கம்மா அது?" என்று கேட்டாள். இரண்டு மணி தாண்டிப் பிள்ளை செத்துப் பிறந்தது, அரைமணி கழித்து அவளும் போனாள், எதிர்க்கரையில் ஹாரன் நின்றது.

தண்ணீர் வடிந்த பிறகு தணிகாசலம் மாலையோடு வந்து அஞ்சலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாலம் வந்துடும்மா" என்றார். வி.ஏ.ஓ. வந்து இறப்பைப் பதிவு செய்தார். இறந்த இடம் என்ற கட்டத்தில் வீடு என்று எழுதினார். அஞ்சலாட்சி, "வீட்ல இல்லீங்களே, அந்தக் கல்லுமேல" என்றாள். "ஓடைக்கரைன்னு எழுதினா மேலருந்து நூறு கேள்வி வரும்மா. உனக்கு எதுக்கு அலைச்சல்" என்றார் அவர், அனுசரணையாகத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, வாசல் தெளிக்கும் நேரத்தில், ஊர் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. டங், டங், டங். போய்ப் பார்த்தபோது அடிக்கல் இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது. மறுநாளும் அதே நேரம் மூன்று தட்டு, இரண்டு விரற்கடை. அதற்கு மறுநாளும் அப்படியே.

கல் வளர்ந்தால் ஊர் என்ன செய்யும், அதன்படி தன்னை மாற்றிக்கொள்ளும். தைமாதத்துக்குள் அந்தத் தட்டுச் சத்தத்தில்தான் எழுந்தோம், கோழிகளே அதற்குப் பிறகுதான் கூவின. மாசியில் கல் ஆளுயரம் தாண்டியதும் ஆடுகள் அதில் முதுகு சொறிந்தன. பங்குனியில் அதன் நிழல் ஒரு குடும்பம் உட்காரும் அகலத்துக்கு வந்துவிட, முந்திரி உடைக்கும் பெண்கள் கட்டையும் பலகையும் எடுத்துக்கொண்டு நிழலோடு காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் நகர்ந்து நகர்ந்து உடைத்தார்கள். தாசில்தார் டேப் வைத்து அளந்து, "கல் உயர்ந்து காணப்படுகிறது" என்று எழுதிக்கொண்டு போனார். மின்வாரியம் கம்பியைத் தள்ளிக் கட்டியது. ஒன்றிய அலுவலகம் அனுமதியின்றி எழுப்பப்பட்ட கட்டுமானம், ஏழு நாளில் அகற்ற வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பியது. யார் பெயருக்கு அனுப்புவது என்று தெரியாமல் கல்லில் இருந்த பெயருக்கே அனுப்பிவிட்டார்கள். தணிகாசலம் அந்த நோட்டீஸை அனுப்பிய குமாஸ்தாவை மாற்றலில் அனுப்பினார் என்று கேள்விப்பட்டோம்.

கல்லோடு எழுத்தும் வளர்ந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. சித்திரையில் நெடுஞ்சாலையில் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே படிக்கலாம், உயர்மட்டப் பாலம், அடிக்கல் நாட்டியவர் தணிகாசலம், கீழே தேதி. பயணிகள் பாலத்தைத் தேடி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பார்கள். கண்டக்டர்கள் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "அங்க இல்லீங்க, கல்லு மட்டும்தான்" என்பார்கள். அவர் பிளக்ஸ் பேனர் கட்டி மறைத்தார், மூன்று தட்டில் அது கிழிந்தது. ஆள் அனுப்பி எழுத்தைக் கொத்தி எடுக்கச் செய்தார், மறுநாள் காலை அதே எழுத்து இன்னும் ஆழமாக இருந்தது.

பிறகு ஏகாம்பரம் அதற்கு மஞ்சள் பூசினான். கரையில் டீக்கடை வைத்திருந்தவன், கெட்டவன் இல்லை, சுகந்தியின் கட்டிலைச் சுமந்த நான்கு பேரில் ஒருவன். ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் குத்தினான். அடுத்த வெள்ளி நாற்பது பேர், அதற்கடுத்த வெள்ளி நானூறு பேர் வந்தார்கள். கர்ப்பிணிப் பெண்கள் வேன் வைத்துக்கொண்டு வந்து, சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று அந்த மேடையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சுகந்தி கிடந்த அதே மேடையை.

அஞ்சலாட்சி தினமும் விடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டுபோய், கைக்கு எட்டும் உயரம்வரை மஞ்சளைத் தேய்த்துக் கழுவினாள்.

"தங்கச்சி, சாமி குத்தம் ஆயிடும்" என்றான் ஏகாம்பரம்.

"ஆவட்டும்ணே. இதுக்கு மேல என்ன ஆவணும் எனக்கு?"

"ஊரே கும்புடுது. நீ ஒருத்தி கழுவிக்கிட்டு நிக்கற."

"ஊரு மறந்துடும்னுதான் கழுவறேன். எழுத்து தெரியணும்ணே. மஞ்சள அப்பி அப்பி அவரு பேர நீயே மூடிக் குடுக்கற."

தணிகாசலம் கெட்டிக்காரர். பிளக்ஸும் உளியும் செய்யாததை மஞ்சள் செய்யும் என்று புரிந்துகொண்டார். ஆனியில் பெரிய கும்பிடோடு வந்து கல்லின் முன் கண்ணை மூடி நின்றார், தன் சொந்த முயற்சியில் இங்கே கோயில் எழுப்பப்போவதாகச் சொன்னார். சுற்று மண்டபம், கோபுரம், தையில் கும்பாபிஷேகம். கோயில் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பாலம் தன்னால் வரும் என்றார். ஊர் கைதட்டியது. ஏகாம்பரம் என்னிடம் வந்து, "லைப்ரரியம்மா, சாமிக்கு ஒரு துதி எழுதிக் குடுங்க, அச்சடிச்சுடலாம்" என்றான். நான் எழுதிக் கொடுத்தேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன் போலிருக்கிறது. வளரும் கல்லே, வானளக்கும் தாயே என்று எட்டு விருத்தம், எதுகை ஒன்றுகூடத் தப்பவில்லை, ஓசை நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது.

அச்சடித்த தாளோடு அஞ்சலாட்சி என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "படிங்க" என்றாள். படித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல எம்பொண்ணு பேரு எங்க வருது?" என்றாள்.

வரவில்லை என்றேன்.

"பாலம்னு எங்க வருது?"

அதுவும் வரவில்லை.

அவள் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ரேகையில்லாத விரலால் அந்தத் தாளை நான்காக மடித்து என் மேசைமேல் வைத்து, "நீங்க படிச்சவங்க. எனக்கு ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க. பாலம் எங்கருந்து கிளம்பி எங்க எறங்கும்னு அவங்ககிட்ட படம் இருக்கும்ல, அத வாங்குங்க" என்றாள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டு, ஆடிமாதம் அந்த வரைபடம் வந்தது. கல்லைச் சுற்றி முப்பது அடிக்குள்தான் பாலம் எங்கள் கரையில் இறங்க வேண்டும். கோயில் மண்டபத்துக்குக் கயிறு கட்டி அடையாளம் போட்டிருந்ததும் அதே இடம்தான். கோயிலைக் கட்டிவிட்டால் பாலத்தை இறக்க இடமில்லை. கட்டிய கோயிலை எந்தக் கட்சியும் இந்த நாட்டில் இடிக்காது. தணிகாசலத்துக்கு இது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை, வரைபடத்தின் மூலையில் அவர் கையெழுத்து இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்லின் நிழலில் ஊர்க்கூட்டம். வரைபடத்தைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் முந்திரி உடைக்கும் கட்டையை வைத்து, நான் காட்டினேன், எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஏகாம்பரம், "சாமியாச்சே, அதுகிட்டயே பாலத்தையும் கேட்டுக்கலாமே" என்றான். அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவர், கல் இப்படியே வளர்ந்தால் ஒருநாள் ஓடையின் குறுக்கே சாய்ந்து தானே பாலமாகிவிடும், அதுவரை பொறுக்கலாம் என்றார். பலருக்கு அது பிடித்திருந்தது. எனக்கும்தான், அழகான யோசனை அல்லவா.

அஞ்சலாட்சி எழுந்து நின்றாள். "சாமிகிட்ட கேட்டு அது குடுக்கலன்னா என்ன செய்வீங்க? நம்ம பக்தி பத்தல, இன்னொரு வாரம் விரதம் இருக்கலாம்னு நெனப்பீங்க. எம்.எல்.ஏ. குடுக்கலன்னா அப்படி நெனப்பீங்களா? அதுக்குத்தான் அவரு இத சாமியாக்கறாரு. கல்லு வளருது, அதுக்கு என்ன வருத்தமோ வளருது. அத பாலமாவச் சொல்லாதீங்க. அது அது வேலையச் செய்யுது. பாலம் கட்டறது யாரு வேலையோ அவங்க செய்யட்டும்."

பிறகு ஏகாம்பரம், "சரி, என்ன செய்யணுங்கற?" என்றான்.

"லைப்ரரியம்மா பதினாலு கேட்டாங்க. நாம ஒண்ணு கேப்போம். கலெக்டர் ஆபீசுல பெட்டில போடறத விட்டுட்டு, அவரு எங்க சிரிச்சிக்கிட்டு நிக்கறாரோ அங்க போயி கேப்போம்."

தணிகாசலம் சிரித்துக்கொண்டு நிற்கும் இடம் தொகுதிக்கே தெரியும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, எது நடந்தாலும் பத்திரிகையில் முன்னிலை என்று அவர் பெயர் இருக்கும், சுவரில் போஸ்டர் இருக்கும். முகூர்த்தநாளில் ஒன்பது மண்டபம் ஏறி இறங்குவார். ஓட்டு அவருக்கு அங்கேதான் விளைந்தது.

ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் தொடங்கினோம். மண்டபத்துக்கு இரண்டு பேர், இருப்பதிலேயே நல்ல சேலை, தலை நிறையப் பூ. வாசலில் சந்தனம் எடுத்துக்கொண்டு, மேடையேறி மணமக்களை அட்சதை போட்டு வாழ்த்தி, பக்கத்தில் நிற்கும் எம்.எல்.ஏ.வைக் கும்பிட்டு ஒரு துண்டுத்தாளை அவர் கையில் கொடுப்பார்கள். நான்தான் எழுதினேன், என் வாழ்நாளில் எழுதியவற்றில் சிறந்தது அதுதான். கல் முப்பத்து மூன்று அடி, பாலம் இல்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு முப்பத்து நான்கு. கொடுத்துவிட்டு, "பாலம் எப்பங்கய்யா?" என்று சாதாரணக் குரலில் ஒரு கேள்வி. அவர் சிரிப்பு மாறாமல், "வந்துடும்மா" என்பார். சரிங்கய்யா என்று இறங்கி, பந்தியைத் தாண்டி, சாப்பிடாமல் வெளியே நடந்துவிடுவார்கள்.

அந்தச் சாப்பிடாமல் போவதில்தான் எல்லாம் இருந்தது, அதை யோசித்தவளும் அஞ்சலாட்சிதான். கல்யாண வீட்டுக்கு வந்தவர் கை நனைக்காமல் போனால் அந்த வீட்டுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் தகப்பனார் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடிவருவார்.

"அம்மா, என்ன குறை வெச்சோம்? ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்கம்மா."

"ஒரு குறையும் இல்லீங்க, பொண்ணு மகாலட்சுமியாட்டம் இருக்கு. எங்க ஊருக்குப் பாலம் வரட்டும், வந்து சாப்பிடறோம்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். உங்க விருந்தாளிகிட்ட கேட்டோம், அவரு சொல்ல மாட்டேங்கறாரு, அதான் போறோம்."

அந்த மனிதர் திரும்பி மேடையைப் பார்ப்பார். அப்படிப் பார்த்த முதல் பார்வையிலேயே பாதிப் பாலம் கட்டியாகிவிட்டது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது; அப்போது தெரியவில்லை. ஏகாம்பரம் முதலில் மாட்டேன் என்றான், பிறகு டீக்கடையைச் சாத்திவிட்டு வந்தான். நூற்று முப்பது வீட்டிலும் யார் எந்த மண்டபம் என்று முறை வைத்துக்கொண்டோம். எல்லா ஆளும் தணிகாசலத்தின் கட்சிக்காரர் வீட்டுக்கே போனார்கள், ஒருவர்கூடக் குரல் உயர்த்தவில்லை, போலீஸ் பிடிக்க ஒரு காரணமும் இல்லை, அட்சதை போடுவதற்கு எந்தச் சட்டத்தில் வழக்கு.

ஐப்பசியில் மழை பிடித்தது. தரைப்பாலம் தண்ணீருக்குள் போனது. தணிகாசலத்தின் ஆட்கள் இனி தொல்லையில்லை என்று சிரித்திருப்பார்கள். முகூர்த்தநாள் காலையில் கல்லின் மூன்று தட்டு கேட்டதும், முறை வந்த பெண்கள் பட்டுச்சேலையோடு, ஒருத்தி கையை ஒருத்தி இறுகப் பிடித்துக்கொண்டு, கரையிலிருந்து கரைக்குக் கட்டிய கயிற்றைப் பற்றி இடுப்புத் தண்ணீரில் இறங்கினார்கள். உடை மாற்றவில்லை, மாற்றக்கூடாது என்று பேசி வைத்திருந்தோம். சேலை நுனியிலிருந்து சேற்றுத்தண்ணீர் சொட்டச் சொட்ட, கொண்டையில் கோரைப்புல் ஒட்டியிருக்க, சிவப்புக் கம்பளத்தில் பழுப்பு நிறக் காலடி பதித்து மேடையேறி, நனையாமல் தலைமுடிக்குள் செருகி வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார்கள். கல் நாற்பது அடி, பாலம் இல்லை. முந்நூறு பேர் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு மணப்பெண் மேடையிலேயே, "ஏன் சார், இவங்களுக்குப் பாலம் போட்டாதான் என்ன?" என்று கேட்டுவிட்டாள். வீடியோக்காரர் அதை எடுத்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகைப் பத்திரிகைகளில் முன்னிலை என்ற வரி காணாமல் போகத் தொடங்கியது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு பத்து. அவருடைய ஒன்றியச் செயலாளரே மகன் கல்யாணத்துக்கு அவரை அழைக்காமல், வீட்டோடு எளிமையாக முடித்துவிட்டோம் என்று ஆயிரம் பேருக்குப் பந்தி போட்டார். எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் அழைப்பு இல்லாத எம்.எல்.ஏ. என்றால் அவர் எதற்கு என்று கட்சி யோசிக்குமே, தேர்தலுக்கு நான்கு மாதம்தான் இருந்தது.

தைமாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு, தண்ணீர் வடிந்த தரைப்பாலத்தில் காரை ஓட்டிக்கொண்டு தணிகாசலம் நேராக அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். அவள் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள், எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"யாரும்மா உன்னத் தூண்டி விடறது? எந்தக் கட்சி?"

"எம்பொண்ணுங்கய்யா."

"பாரு, நானும் பொண்ணப் பெத்தவன்தான். உன் வருத்தம் எனக்குப் புரியுது. அதுக்காக என் அரசியல அழிக்கறதா? கோயில் கட்டித் தர்றேன்னேன், வேணாம்னுட்டீங்க. அதுக்கு உம்பொண்ணு பேரக்கூட வெக்கலாம். சுகந்தியம்மன். என்ன சொல்ற?"

அஞ்சலாட்சியின் கையிலிருந்த கட்டை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஒரு தாய்க்கு அதைவிடப் பெரிய தூண்டிலை யாரும் போட முடியாது.

"எம்பொண்ணு சாமியில்லீங்கய்யா" என்றாள் அவள். "ஜவுளிக்கடையில வேல பாத்துச்சு. புரோட்டான்னா உசுரு. சாமியாக்கிட்டா அது செத்ததுக்கு யாரும் பதில் சொல்ல வேணாம் பாருங்க."

"அந்தக் கல்ல நிறுத்தச் சொல்லு. நான் பாலத்துக்கு ஏற்பாடு பண்றேன்."

"நான் நடலீங்களே. நட்டவரு நீங்க, நீங்களே சொல்லிப் பாருங்க."

"ஆர்டர் போட்டாச்சுன்னா போதுமா?"

"தாளு எங்ககிட்டயும் நெறைய இருக்குதுங்கய்யா. மிஷினு வரட்டும். தேர்தல் தேதி சொல்லிட்டா புது வேலைய ஆரம்பிக்கக்கூடாதாம், ஆரம்பிச்ச வேலைய நிறுத்தக்கூடாதாம். லைப்ரரியம்மா படிச்சுச் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி மிஷினு எறங்கணும். அதுவரைக்கும் கல்யாணத்துக்கு வருவோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

மாசிமாதம் கடைசி வாரம், தேர்தல் தேதி அறிவிக்க நான்கு நாள் இருக்கும்போது, குழி துளைக்கும் இயந்திரம் லாரியில் வந்து இறங்கியது. எங்கள் கரையில் முதல் துளை போட்டார்கள். மறுநாள் காலை ஊர் முழுக்க நேரம் தப்பி எழுந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டது, பால் பொங்கி வழிந்தது. தட்டுச் சத்தம் கேட்கவில்லை. கல் ஐம்பத்து நான்கு அடியில் நின்றுவிட்டது. மஞ்சள் பூச யாரும் வரவில்லை. நிழலில் உட்கார்ந்து முந்திரி உடைக்க மட்டும் வந்தார்கள்.

பாலம் கட்டி முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. எண்பது மீட்டர் நீளம். அவ்வளவுதான், எண்பது மீட்டர். அதைக் கட்டுவது இத்தனை சுலபம் என்று பார்த்தபோதுதான் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. பதினான்கு மாதத்தில் முடிகிற ஒன்றுக்குத்தான் அந்தப் பெண் மூன்று மணி நேரம் கல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். திறப்புவிழாவுக்குப் புது எம்.எல்.ஏ. பளிங்குக் கல்வெட்டோடு வந்தார். ஏகாம்பரம் முன்னால் போய்க் கும்பிட்டு, "பாலம் போதுங்கய்யா, கல்லு வேணாம். கல்லு எங்ககிட்ட இருக்கு" என்றான். திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் எந்த முகூர்த்தத்திலும் இலந்தைமேட்டில் அடுப்பு எரியவில்லை, சாப்பிடாமல் வந்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அஞ்சலாட்சி மட்டும் போகவில்லை. அவளுக்கு இன்னொரு மனு பாக்கியிருந்தது, ஒரே வரி, இறந்த இடம் என்ற கட்டத்தைத் திருத்த வேண்டும். திங்கள்தோறும் பாலத்தின்மேல் நடந்து அதைக் கொடுக்கப் போனாள். அதற்கு மட்டும் எந்தக் கல்லும் வளரவில்லை.

தணிகாசலம் அந்தத் தேர்தலில் தோற்று, அடுத்ததில் வேறு தொகுதியில் நின்று ஜெயித்தார். இப்போது அமைச்சர்.

அஞ்சலாட்சி போன மாசியில் அரசு மருத்துவமனையில் இறந்தாள். ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்தது. அவளுடைய சான்றிதழில் இறந்த இடம் சரியாக எழுதியிருக்கிறது. சுகந்தியினுடையதில் வீடு என்றே இருக்கிறது.